அப்பாவின் பழைய பேனா: அபூர்வ ரகமா, மெக்கானிக்கின் கைவண்ணமா?

(நமது பகுதி நேர நிருபர்)

மகர்பட்டா, புனே:

"பார்க்கர் பேனா வைத்திருக்கிறார்" என்று ஒருவரைப் பற்றிச் சொன்னாலே அந்தக் காலத்தில் அவருடைய மதிப்பு ஒரு படி கூடிவிடும். மாப்பிள்ளைக்கு மோதிரம், கைக்கடிகாரம், அதோடு ஒரு பார்க்கர் பேனா என்று மாமனார்மார் கணக்குப் போட்ட காலம் அது. சட்டைப் பையின் விளிம்பில் அம்பு வடிவக் கிளிப்பு மின்னினால் ஆபீசில் பியூன்கூட எழுந்து நிற்பான் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள்.

அந்த மாப்பிள்ளைகள் பலர் இன்று இல்லை. பேனாக்கள் மட்டும் எங்கோ டிரங்குப் பெட்டியின் அடியில், பழைய பாஸ்புக்குகளுக்கும் ரேஷன் கார்டுகளுக்கும் நடுவே கிடக்கின்றன. ஊரை விட்டு வந்து புனேயிலும் பம்பாயிலும் குடியேறிய நம்மவர் வீடுகளில் இப்படி எத்தனையோ பேனாக்கள் உண்டு. மை காய்ந்து, மூடி நசுங்கி, யாருக்கும் பயன்படாமல் கிடந்த இவற்றுக்குச் சமீப ஆண்டுகளில் திடீரென்று ஒரு மவுசு வந்திருக்கிறது. பழைய பேனாக்களைத் தேடித் தேடிச் சேகரிப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். சாதாரணப் பேனாவுக்கு ஒரு விலை என்றால், வழக்கத்துக்கு மாறான ரகத்துக்கு அதைப்போல் பல மடங்கு விலை.

இங்கேதான் சிக்கலும் பிறக்கிறது. நம் கையில் இருப்பது உண்மையிலேயே அபூர்வ ரகமா, இல்லையா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? தெரியாதவர்கள் இரண்டு விதமாக ஏமாறுகிறார்கள். நல்ல பேனாவைப் பழைய சாமான்காரனிடம் பத்துக்கும் இருபதுக்கும் கொடுத்துவிடுகிறவர்கள் ஒரு வகை. சாதாரணப் பேனாவைப் புதையல் என்று நம்பி மனக்கோட்டை கட்டுகிறவர்கள் மற்றொரு வகை. இரண்டாவது வகையில் சேர இருந்த ஓர் அன்பரின் அனுபவம் வாசகர்களுக்குப் பயன்படும் என்பதால் அதை இங்கே எழுதுகிறேன்.

கரும்புக் காட்டில் எழுந்த நகரம்

ஹடப்சர் பக்கம் இருக்கும் மகர்பட்டாவை இன்று பார்க்கிறவர்களுக்கு அங்கே ஒரு காலத்தில் கரும்பு விளைந்தது என்றால் நம்பிக்கை வராது. மகர் குடும்பத்தாரும் மற்றவர்களுமாகச் சுமார் 120 விவசாயக் குடும்பங்கள் தங்கள் நிலத்தை, ஏறக்குறைய 400 ஏக்கரை, ஒன்றாகச் சேர்த்துத் தாங்களே உருவாக்கிய நகரம் அது. இன்று கம்ப்யூட்டர் கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்களும் அடுக்குமாடி வீடுகளும் நிறைந்து நிற்கின்றன. அந்தக் கம்பெனிகளில் என்ஜினீயர்களாக மட்டுமல்ல, கணக்கெழுதுபவர்களாகவும் காவலாளிகளாகவும் கேன்டீன் ஊழியர்களாகவும் தமிழர்கள் வேலை பார்க்கிறார்கள்.

அப்படி அங்கே ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கும் அன்பர் ஒருவர், ஹடப்சர் ரயில் நிலையத்தில் எனக்கு அறிமுகமானவர், ஒரு நாள் கைக்குட்டையில் சுற்றிய பேனா ஒன்றைக் கொண்டுவந்தார். அவருடைய தந்தையார் 1958-ல் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து, கிர்க்கியில் ராணுவத் தொழிற்சாலையில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் காலமான பிறகு பெட்டியை ஒழித்தபோது கிடைத்த பேனா அது.

"அண்ணே, இது சாதாரணப் பார்க்கர் இல்லையாம். 'ரெட் பேண்ட்' என்று ஒரு ரகமாம். உலகத்திலேயே கொஞ்சம்தான் இருக்காம். படத்தைப் பார்த்துவிட்டு வெளியூர்க்காரர் ஒருத்தர் கேட்கிறார். ரெண்டு மாச வீட்டு வாடகைக்கு மேலே தருகிறேன் என்கிறார்" என்றார். மகளுக்குக் கல்லூரி விடுதிக் கட்டணம் கட்ட வேண்டிய நேரம். அவர் குரலில் அவசரம் தெரிந்தது.

பேனா கருப்பு நிறம். நிப்பின் நுனி மட்டும் தெரிகிற மாதிரி கழுத்துப் பகுதி அதை மூடியிருந்தது. உலோக மூடி. உடலின் பின்பக்கம், வால்பகுதி சேருமிடத்தில் மெல்லிய சிவப்பு வளையம் ஒன்று. இந்தச் சிவப்பு வளையத்தைப் பார்த்துத்தான் யாரோ அதற்கு 'ரெட் பேண்ட்' என்று பெயர் சூட்டியிருந்தார்கள்.

அப்படி ஒரு ரகம் உண்டா? உண்டு. அது என்ன என்பதைச் சொல்லுவதற்கு முன்னால் இந்தப் பேனாவின் பூர்வோத்திரத்தைச் சற்றுப் பார்ப்போம்.

தந்தி வாத்தியார் செய்த பேனா

ரயில்வே ஊழியன் என்ற முறையில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். பார்க்கர் பேனாவைத் தோற்றுவித்த ஜார்ஜ் சஃபோர்டு பார்க்கர் அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் ஜேன்ஸ்வில் என்ற ஊரில் தந்தி சொல்லிக்கொடுத்த வாத்தியார். ரயில் நிலையங்களில் தந்தி அடிக்கும் வேலைக்குப் பையன்களைத் தயார் செய்த பள்ளிக்கூடம் அது. சம்பளம் போதாமல் அவர் மாணவர்களுக்குப் பேனா விற்றார். அந்தப் பேனாக்கள் மை ஒழுக ஆரம்பிக்கவே, விற்ற பாவத்துக்கு அவரே உட்கார்ந்து ரிப்பேர் செய்து கொடுத்தார். ரிப்பேர் செய்து செய்து பழகியவர், இதைவிட நன்றாக நாமே ஒன்று செய்துவிடலாமே என்று நினைத்தார். 1889-ல் தம் பேனாவுக்குக் காப்புரிமை பெற்றார்.

அவர் ஆரம்பித்த கம்பெனியின் 51-வது ஆண்டான 1939-ல் உருவாகி முடிந்த மாடல் என்பதால் 'பார்க்கர் 51' என்று பெயர். 1941-ல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. விலை பன்னிரண்டரை டாலர். அந்நாளில் அது பெரிய தொகை. அதுவரை பேனாக்களுக்குப் பயன்பட்ட செல்லுலாய்டை விட்டுவிட்டு, லூசைட் என்ற புதிய பிளாஸ்டிக்கில் உடலைச் செய்தார்கள். சீக்கிரம் காயும் புது மைக்குச் செல்லுலாய்டு தாங்காது என்பதே காரணம். நிப்பைத் திறந்து வைத்தால் அந்த மை நிப்பிலேயே காய்ந்துவிடும். எனவே நிப்பை மூடிவிட்டார்கள். திருகு இல்லாமல், செருகினால் கச்சிதமாகப் பிடித்துக்கொள்ளும் மூடியும் இதன் விசேஷம்.

1945 மே மாதம் ஜெர்மனி சரணடைந்த பத்திரத்தில் கையெழுத்திட்ட பேனாக்களை ஜெனரல் ஐசன்ஹோவர் வெற்றிக்குறியாக உயர்த்திப் பிடித்த படம் பிரசித்தமானது. அவை பார்க்கர் 51 பேனாக்கள் என்று பேனா அபிமானிகள் பெருமையாகச் சொல்வார்கள். அமெரிக்காவில் மட்டுமின்றி, கனடாவில் டொரன்டோவிலும் இங்கிலாந்தில் நியூஹேவனிலும் இந்தப் பேனா தயாராயிற்று. எழுபதுகள் வரையில் விற்பனையில் இருந்தது.

மூன்று விதமாக மை குடித்த பேனா

ஒரு பார்க்கர் 51 எந்த ரகம் என்று கண்டுபிடிக்க வேண்டுமானால், முதலில் அது எப்படி மை குடிக்கிறது என்று பார்க்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். வயிற்றைத் திறந்தால்தான் வித்தியாசம் தெரியும்.

முதலாவது, 1941 முதல் 1948 வரை வந்த 'வேக்குமேட்டிக்'. பேனாவின் வாலில் ஒரு சிறு மூடி இருக்கும். அதைத் திருகிக் கழற்றினால் உள்ளே ஒரு தண்டு. நிப்பை மைப் புட்டியில் அமிழ்த்தித் தண்டைப் பத்துத் தரம் போல அழுத்தி அழுத்தி விட்டால் மை ஏறும். உள்ளே ஒரு ரப்பர் சவ்வு மேலும் கீழும் போய் மையை இழுக்கும். மை தனிப் பையில் அல்ல, பேனாவின் உடலிலேயே நிற்கும். நம் ஊர் வெயிலில் அந்த ரப்பர் சில ஆண்டுகளில் இற்றுப்போகும். அதோடு பேனா மை குடிக்காது.

மூன்றாவது, 1948-ல் தொடங்கிய 'ஏரோமெட்ரிக்'. பேனாவின் உடலைத் திருகிக் கழற்றினால் உள்ளே உலோகக் குழாய். அதில் ஒரு பட்டை. அந்தப் பட்டையை அழுத்தினால் உள்ளே இருக்கும் மைப்பை மையை உறிஞ்சும். எத்தனை தரம் அழுத்துவது என்று குழாயின் மேலேயே அச்சடித்திருப்பார்கள். அந்தப் பை ரப்பர் அல்ல, கெட்டிப்படாத ஒருவகைப் பிளாஸ்டிக். எழுபது ஆண்டு கழித்து எடுத்தாலும், தண்ணீரில் ஊறவைத்துக் கழுவினால் பெரும்பாலும் எழுதும். நம் நாட்டில் அதிகம் காணக் கிடைப்பது இந்த ரகமே.

இரண்டுக்கும் நடுவில் வந்து, நிலைக்காமல் போனதுதான் 'ரெட் பேண்ட்'. 1946, 1947 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டும் செய்தார்கள். வேக்குமேட்டிக்கைச் செய்யச் செலவும் வேலையும் அதிகம். எனவே வாலில் ஒரு பொத்தானை அழுத்தினால் உள்ளே உள்ள ரப்பர் பை நசுங்கி மை ஏறும்படியான சுலபமான முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். உள்ளே இருக்கும் சிவப்பு வளையத்தால் வந்த பெயர் இது. சரியாக வேலை செய்யாமல் கசிந்ததால் கம்பெனி கைவிட்டது. ரிப்பேருக்கு வந்தவற்றில் பலவற்றைப் பழைய வேக்குமேட்டிக் முறைக்கே மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். ஆகவே மாற்றம் செய்யாமல் மிஞ்சியவை கொஞ்சம். அதனால்தான் மவுசு. தோற்றுப்போன சரக்குக்குத்தான் அதிக விலை என்பது சேகரிப்பவர்கள் உலகத்தின் வினோதம்.

பேனாவே சாட்சி சொன்னது

இனி மகர்பட்டா அன்பரின் பேனாவுக்கு வருவோம். புனே நகரத்தின் பழைய பேட்டை ஒன்றில், ஐம்பது ஆண்டுகளாகப் பேனா ரிப்பேர் செய்துவரும் மராத்திப் பெரியவர் ஒருவரிடம் நாங்கள் இருவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். 'காகா' என்றால் அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். பேனாவை அவர் கையில் வாங்கியதும் எழுதிப் பார்க்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, உடலில் பொறித்திருந்த எழுத்துக்களைப் பூதக்கண்ணாடியால் படித்தார்.

அமெரிக்காவில் செய்தது என்ற வாசகம் மங்கலாகத் தெரிந்தது. பக்கத்தில் 6 என்ற எண்ணும், அதை ஒட்டி இரண்டு புள்ளிகளும் இருந்தன. இந்த எண்தான் பேனாவின் ஜாதகம். ஆண்டின் கடைசி இலக்கம் அது. புள்ளிகள் காலாண்டைக் காட்டும். மூன்று புள்ளி என்றால் முதல் காலாண்டு. இரண்டு என்றால் இரண்டாவது. ஒன்று என்றால் மூன்றாவது. புள்ளியே இல்லாவிட்டால் கடைசிக் காலாண்டு. ஆக, இது 1946-ன் இரண்டாவது காலாண்டில் பிறந்த பேனா. ரெட் பேண்ட் வந்த அதே ஆண்டு! அன்பரின் முகம் மலர்ந்தது.

பெரியவர் அடுத்து மூடியைப் பார்த்தார். கிளிப்பில் வைர வடிவில் நீல எனாமல். 1947 வரையில் பார்க்கர் கம்பெனி உயர்ந்த பேனாக்களுக்குப் போட்ட உத்தரவாத முத்திரை அது. எனவே மூடியும் காலத்துக்குப் பொருந்துகிறது. இந்த மூடிகள் ஒன்றுக்கொன்று மாறிப் பொருந்தும் என்பதால், உடல் ஒரு பேனாவும் மூடி வேறு பேனாவுமாக இருப்பது சர்வ சாதாரணம். இங்கே அப்படி இல்லை.

பிறகுதான் வாலுக்கு வந்தார். ரெட் பேண்ட் என்றால் வால்மூடி திருகிக் கழல வேண்டும். கழற்றினால் பொத்தான் இருக்க வேண்டும். இதில் வால்மூடி அசையவே இல்லை. பெரியவர் வற்புறுத்தித் திருகவில்லை. பேனாவை வெயிலில் பிடித்து எங்களிடம் காட்டினார். தூரத்தில் முழுவதும் கருப்பாகத் தெரிந்த பேனாவில், உடல் கருகருவென்று இருந்தது. வால் மட்டும் லேசாகப் பாசிபிடித்த பழுப்பு. லூசைட் அப்படி நிறம் மாறாது. வெளிச்சமும் ஈரமும் பட்டு இப்படிப் பழுக்கிற பொருள் எபோனைட். ரப்பரில் கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய சரக்கு. கட்டைவிரலால் வாலைச் சூடேறத் தேய்த்து எங்களை மோந்து பார்க்கச் சொன்னார். சைக்கிள் டியூப் மாதிரி ரப்பர் வாசனை! உடலைத் தேய்த்தால் வாசனையே இல்லை. பூதக்கண்ணாடியில் வாலின் மேல் கடைசல் இயந்திரத்தின் மெல்லிய வரிகளும் தெரிந்தன. சிவப்பு வளையமும் எபோனைட்தான். அழகுக்காக வைத்தது.

அப்போது பெரியவர் மராத்தியில் ஒரு கேள்வி கேட்டார். "உங்கள் அப்பா இதற்கு எப்படி மை போடுவார்?"

அன்பர் யோசிக்காமலே சொன்னார். "பில்லரால்தான். சனிக்கிழமை சாயங்காலம் கழுத்தைத் திருகிக் கழற்றி, சொட்டுச் சொட்டாக ஊற்றுவார். நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்போம்."

அதோடு விஷயம் முடிந்தது. கடைக்கு வந்த பார்க்கர் 51-ன் மூன்று முறைகளில் எதிலும் பில்லருக்கு இடமே இல்லை. 1946-ல் வேக்குமேட்டிக்காகப் பிறந்த பேனா. ரப்பர் சவ்வு இற்றுப்போனதும், ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒரு மெக்கானிக் உள்ளிருந்த சாதனத்தையெல்லாம் எடுத்துவிட்டு, வாலை எபோனைட்டால் அடைத்து, நம் ஊர்ப் பேனா மாதிரி பில்லரால் மை ஊற்றும்படி செய்துவிட்டார். பொருத்திய இடத்தில் ஒரு சிவப்பு வளையத்தையும் போட்டு அழகு பார்த்திருக்கிறார். அந்த ஒரு வளையத்தால் வந்த குழப்பம் இவ்வளவும்.

ஏன் இப்படிச் செய்தார்கள்?

இதை ஏமாற்று வேலை என்று நினைக்கக்கூடாது. அது அந்தக் காலத்துத் தேவை. சுதந்திரத்துக்குப் பிறகு, முக்கியமாக 1957-ல் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு வந்தபோது, வெளிநாட்டுச் சாமான்களின் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. பேனாவே கிடைப்பது அரிது என்றால் அதன் உதிரி பாகத்துக்கு எங்கே போவது? ஒரு ரப்பர் சவ்வுக்காக அமெரிக்காவுக்கு எழுத முடியுமா? அதற்காக மாதச் சம்பளத்தைக் கொடுத்து வாங்கிய பேனாவைத் தூக்கி எறிய முடியுமா?

தெருமுனையில் சிறு கண்ணாடிப் பெட்டியும் கடைசல் பட்டறையும் வைத்திருந்த பேனா மெக்கானிக்குகள்தான் அப்போது கைகொடுத்தார்கள். கழுத்து உடைந்தால் புதுக் கழுத்து கடைந்தார்கள். நிப்பு வளைந்தால் நிமிர்த்தினார்கள். மூடி தொலைந்தால் வேறு மூடியைப் பொருத்தினார்கள். ஆகவே நம் நாட்டில் கிடைக்கும் 'வழக்கத்துக்கு மாறான' பழைய பேனாக்களைப் பார்த்தால், முதலில் எழ வேண்டிய சந்தேகம் இதுதான்: இதைச் செய்தது கம்பெனியா, மெக்கானிக்கா? இந்தக் கேள்விக்கு விடை கிடைத்த பிறகே விலையைப் பற்றிப் பேச வேண்டும்.

நம் நாட்டுப் பேனாவுக்கும் ஜாதகம் உண்டு

பார்க்கர் மட்டும்தான் பேனா என்று எண்ணிவிடக்கூடாது. ராஜமுந்திரியில் 1932-ல் தொடங்கிய ரத்னம் பேனா, காந்தியடிகளின் சுதேசிக் கொள்கையால் பிறந்தது. அந்நிய நிப்பு போட்ட பேனாவைக் காந்தியடிகள் ஏற்கவில்லை. முழுவதும் இந்நாட்டிலேயே செய்த பேனாவை, கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்திய ஜே.சி. குமரப்பா மூலமாகப் பெற்ற பிறகே, 1935-ல் வார்தாவிலிருந்து பாராட்டிக் கடிதம் எழுதினார். குமரப்பா நம் தஞ்சாவூரில் பிறந்தவர் என்பது இங்கே குறிப்பிடத்தக்கது.

சென்னை பாரிமுனையில் ஜெம் கம்பெனியின் 'காமா' பேனாக்கள், திருவள்ளூரில் கையால் கடைந்த 'ரங்கா' பேனாக்கள் என்று தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. இவை பெரும்பாலும் எபோனைட்டில் கடைந்தவை; பில்லரால் மை ஊற்றுபவை. உங்கள் வீட்டுப் பழைய பேனாவில் அம்புக் கிளிப்பு இல்லையே என்று ஒதுக்க வேண்டாம். உடலிலோ கிளிப்பிலோ பொறித்த பெயரைப் படித்துப் பாருங்கள்.

அதே சமயம் போலிகளையும் தெரிந்துகொள்ள வேண்டும். நிப்பை மூடிய பேனாவெல்லாம் பார்க்கர் 51 ஆகிவிடாது. பார்க்கர் கம்பெனியே 1948-ல் மலிவு விலையில் 'பார்க்கர் 21' என்று ஒன்றை விட்டது. பார்வைக்கு 51 போலவே இருக்கும். ஆனால் தங்க நிப்பு அல்ல. 1956-ல் வந்த 'பார்க்கர் 61'-க்குக் கழுத்தில் சிறு அம்பு பதித்திருக்கும். ஷாங்காயில் செய்த 'ஹீரோ' பேனாவோ பார்க்கர் 51-ஐப் பார்த்தே செய்தது. எங்கள் ரயில்வே ஆபீசில் ஒரு காலத்தில் பாதிப் பேர் பையில் ஹீரோதான் இருந்தது. அது நன்றாக எழுதும் பேனா என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பார்க்கர் அல்ல.

வாசகர்கள் கவனிக்க வேண்டியவை

வீட்டில் பழைய பேனா இருந்தால் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பதைப் பெரியவர் சொன்னபடியும் நான் அறிந்தபடியும் தருகிறேன்.

முதலாவது, பேனாவைப் பளபளப்பாக்க வேண்டாம். பிராஸோ, பற்பசை முதலியவற்றைப் போட்டுத் தேய்த்தால் உடலில் பொறித்த எழுத்தும் எண்ணும் அழிந்துவிடும். ஜாதகத்தைக் கிழித்துப் போட்ட மாதிரி. ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

இரண்டாவது, ஸ்பிரிட் போட்டுக் கழுவ வேண்டாம். லூசைட் உடலில் விரிசல் விடும். வெந்நீரும் கூடாது, எபோனைட் நிறம் மாறிவிடும். பச்சைத் தண்ணீரில் நிப்புப் பக்கத்தை ஓர் இரவு ஊறவைத்தால் காய்ந்த மை தானே கரையும்.

மூன்றாவது, கழலாத பாகத்தைக் குறடு போட்டுத் திருக வேண்டாம். 51-ன் கழுத்தை அரக்கு வைத்து ஒட்டியிருப்பார்கள். பக்குவம் தெரிந்தவர் கையால் இளஞ்சூடு காட்டித்தான் அதைக் கழற்ற வேண்டும்.

நான்காவது, பார்க்கிற வரிசை. பொறித்த எழுத்து, எண், புள்ளி. பிறகு கிளிப்பும் மூடியும். பிறகு மை ஏறும் முறை. பிறகு ஒவ்வொரு பாகமும் ஒரே பொருளால் ஆனதா என்பது. ஒன்று மட்டும் பொருந்தினால் போதாது. எல்லாம் ஒரே காலத்தைச் சொல்ல வேண்டும். சாதாரண டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் மங்கலான எழுத்தும் தெரியும். இங்கிலாந்தில் செய்தவற்றில் பெரும்பாலும் ஆண்டு எண் இருக்காது. அதனால் அவை போலி என்று நினைக்க வேண்டாம்.

ஐந்தாவது, நிறம். கருப்பும் நீலமும் சாம்பலும் ஏராளம். 'பிளம்' எனப்படும் நாவல்பழ நிறம், கடுகு நிறம் போன்றவை குறைவு. ஆனால் வெயில் பட்டு வெளிறிய நிறத்தை அபூர்வ நிறம் என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம். மூடிக்குள் மறைந்திருக்கும் பகுதியையும் வெளியில் தெரியும் பகுதியையும் ஒப்பிட்டால் உண்மை தெரிந்துவிடும்.

ஆறாவது, விற்பதானால் இரண்டு மூன்று பேரிடம் கேளுங்கள். வாங்குவதானால், திறந்து காட்டாத பேனாவுக்கு அபூர்வ விலை கொடுக்காதீர்கள். புனேயில் புதனும் ஞாயிறும் கூடும் ஜூனா பஜாரில் பழைய பேனாக்கள் குவியலாகக் கிடைக்கும். அப்பா பல்வந்த் சௌக் பக்கத்துப் புத்தகக் கடைத் தெருவில் பேனா விவரம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கேட்டால் சொல்வார்கள்.

விலை போகாத பேனா

மகர்பட்டா அன்பர் என்ன செய்தார் என்று வாசகர்கள் கேட்கலாம். வாங்க வந்தவர் படத்தை மட்டும் பார்த்து 'ரெட் பேண்ட்' என்று நம்பிக்கொண்டிருந்தார். பேசாமல் பார்சல் கட்டி அனுப்பியிருந்தால் பணம் வந்திருக்கும். "நாமா அந்தப் பெயரை வைத்தோம்? அவர்தானே சொன்னார்" என்று வீட்டில் ஒரு பேச்சும் எழுந்ததாம். கட்டணத்துக்குக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பேச்சில் தப்பு சொல்லவும் முடியாது.

அன்பர் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள், பழுப்பேறிய வாலைத் தனியாகப் படம் எடுத்து, "இது மாற்றி அமைத்த பேனா, ரெட் பேண்ட் அல்ல" என்று எழுதி அனுப்பிவிட்டார். வாங்க வந்தவர், அப்படியானால் வேண்டாம் என்று மரியாதையாக ஒதுங்கிக்கொண்டார். விடுதிக் கட்டணத்துக்குச் சேமநிதியில் கடன் எடுத்தார். "கணக்கெழுதிப் பிழைக்கிறவன் அண்ணே. தெரிஞ்சே தப்புக் கணக்கு எழுதினா அப்பா பேனாவை வெச்சிருக்க எனக்கு யோக்கியதை ஏது?" என்றார்.

பெரியவர் அந்தப் பேனாவைக் கழுவி, மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி, பில்லரால் மை ஊற்றி எழுதிக் காட்டினார். அந்த மெக்கானிக்கின் வேலையைப் பற்றி அவர் சொன்னதை இங்கே குறிப்பிட வேண்டும். அடைப்பில் ஒரு சொட்டுக் கசிவு இல்லை. கம்பெனி போட்ட ரப்பர் போய்விட்டது, கடைசல்காரன் போட்ட அடைப்பு இன்னும் நிற்கிறது என்றார். சந்தையில் அதற்குப் பெயர் கிடையாது. சேகரிப்பவர்களின் புத்தகத்திலும் இடம் கிடையாது. ஆனால் ஒரு குமாஸ்தா ஓய்வு பெறும்வரை அந்தப் பேனாவால் எழுதிச் சம்பாதித்து, ஒரு குடும்பத்தைக் கரையேற்றியிருக்கிறார் என்றால், அதற்குப் பாதிக் காரணம் பெயர் தெரியாத அந்தத் தொழிலாளி.

கடைசியாக ஒரு யோசனை. பேனாவில் பொறித்த எண்ணைப் படித்து, அது எந்த ஆண்டில் எந்த ஊரில் பிறந்தது என்று யாரும் சொல்லிவிடலாம். அதை யார் வைத்திருந்தார், எந்த ஆபீசில் எழுதினார், எங்கே ரிப்பேர் செய்தார் என்பதைச் சொல்ல உங்கள் வீட்டாரைத் தவிர வேறு ஆள் கிடையாது. மகர்பட்டா பேனாவின் ரகசியத்தை அவிழ்த்தது, சனிக்கிழமை சாயங்காலங்களைப் பற்றிய ஒரு மகனின் ஞாபகம்தான். ஆகவே பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, ஒரு துண்டுக் காகிதத்தில் அவர் பெயர், வேலை பார்த்த இடம், வாங்கிய ஆண்டு ஆகியவற்றை எழுதி, பேனாவோடு சேர்த்துச் சுற்றி வையுங்கள். முடிந்தால் அந்தப் பேனாவாலேயே எழுதுங்கள்.